ராணி பேசக்கூடாதா?



நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், பொறுமை இல்லாவிட்டாலும் படியுங்கள்.

ஆண்டுவிழா, இலக்கிய மன்றம், கலைத் திருவிழா என்று ஏதாவது ஒன்று வந்துவிட்டால் போதும், என் வாட்சப்பில் ஒரே மாதிரி செய்தியாக வந்து விழும். "ஐயா, பாப்பா கண்ணகி வேஷம் போடறா. மூணு நிமிஷத்துக்கு ஒரு பேச்சு எழுதிக் குடுங்க." "மாமா, தம்பிக்குக் கர்ணன். நல்லா உணர்ச்சியா இருக்கணும்." என் பதில் எப்போதும் ஒன்றுதான். எழுதித் தரமாட்டேன். பிள்ளையை எழுதச் சொல்லுங்கள், எழுதிக்கொண்டு வரட்டும், பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன். இந்தப் பதிலால் சொந்தத்திலேயே இரண்டு வீட்டார் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "மூணு நிமிஷப் பேச்சுக்கு இவருக்கு இவ்வளவு கிராக்கியா" என்று ஒரு கல்யாணப் பந்தியில் காதுபடவே சொன்னார்கள். போகட்டும். இப்போது அதைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தனிநடிப்புப் போட்டி. பள்ளியின் பெயர் வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தேசிங்கு ராஜாவின் மனைவி பேசுவதாகத் தானே எழுதி நடித்தாள். அவள் அம்மா என்னிடம் படித்தவர் என்பதால் அந்தத் தாள் என் கைக்கு வந்தது. ராணி தன் தாதியிடம் பேசுகிறாள். போர்க்களத்திலிருந்து செய்தி வந்துவிட்டது. வெளியே விறகு அடுக்கும் சத்தம் கேட்கிறது. கப்பம் கட்டுவதா வேண்டாமா என்று மந்திரியைக் கேட்டார்கள், சிநேகிதனைக் கேட்டார்கள், என்னை மட்டும் எதற்கும் கேட்கவில்லையே என்கிறாள். இப்போதும் யாரும் கேட்கப்போவதில்லை, நான் என்ன புடவை கட்டவேண்டும் என்பதைக்கூட வேறு யாரோ முடிவு செய்துவிட்டார்கள் என்கிறாள். கடைசியில் தாதியைப் பார்த்து, உனக்கு வயிற்றில் பசி இருக்கிறதா, எனக்கு இருக்கிறது என்று சொல்லி நிறுத்துகிறாள். அவ்வளவுதான்.

நடுவர்கள் சொன்ன தீர்ப்பு இது: ராஜாவை அவமதிப்பதாக இருக்கிறது. உடன்கட்டை ஏறிய உத்தமியைக் கோழையாகக் காட்டியிருக்கிறது. ஆகவே பரிசுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. முதல் பரிசு, ஒரு பையன் பேசிய கட்டபொம்மன் சினிமா வசனத்துக்கு. அந்தப் பையனுக்கு நல்ல குரல். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள்மேல்தான்.

தேசிங்கு கதை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் வெளியூரில் வளரும் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, 1714-ல் சின்னஞ்சிறு படையோடு போய்ச் சண்டையில் மடிந்தவன் தேசிங்கு. வயது 22 என்பார்கள். அவனுடைய முஸ்லிம் நண்பன், கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து போருக்கு வந்தவன் என்று நம் ஊர்ப் பாட்டு சொல்லும். ராணி உடன்கட்டை ஏறினாள், அவள் நினைவாக நவாப் ஏற்படுத்திய ஊர்தான் ராணிப்பேட்டை என்பது வழிவழியாக வரும் செய்தி. ராஜாவுக்குப் பாட்டு இருக்கிறது, சினிமா இருக்கிறது. நண்பனுக்குப் புகழ் இருக்கிறது. குதிரைக்குக்கூடப் பெயர் இருக்கிறது, சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ராணிக்கு ஒரு ஊர்ப்பெயர் மிச்சம். முந்நூறு வருஷம் கழித்து ஒரு பிள்ளை அவளுக்கு மூன்று நிமிஷம் கொடுத்தது. அதையும் பிடுங்கிக்கொண்டோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1987-ல் ராஜஸ்தானில் தேவராலா என்ற ஊரில் 18 வயது ரூப் கன்வர் கணவனின் சிதையில் எரிந்தபோது நாடே கொதித்தது. அதன்பின் வந்த சதி தடுப்புச் சட்டம், சதியை நடத்துவதை மட்டுமல்ல, அதைப் புகழ்ந்து கொண்டாடுவதையும் குற்றம் என்கிறது. புகழ மறுத்த பிள்ளையைத்தான் நம் நடுவர்கள் தள்ளி வைத்திருக்கிறார்கள். நெருப்பைப் பார்த்துப் பயப்படுகிறவள் கோழை என்றால், உலகத்தில் உயிர் உள்ள எல்லோரும் கோழைதான்.

நடுவர்கள் மனதில் இருந்தது என்ன? வேஷம் என்றால் பெருமை பேசுவது. காந்தி வேஷம் போட்டால் காந்தியின் பெருமை, பாரதி வேஷம் போட்டால் பாரதியின் பெருமை. "நான்தான் பாரதி. 1882-ல் எட்டயபுரத்தில் பிறந்தேன்" என்று தன் வாழ்க்கைக் குறிப்பைத் தானே ஒப்பிக்கும் பாரதியை எத்தனை மேடையில் பார்த்துவிட்டோம்! உயிரோடு இருக்கும் எந்த மனுஷன் அப்படிப் பேசுவான்? அதற்கு மீசையும் தலைப்பாகையும் எதற்கு? கட்டுரைப் போட்டியே போதுமே.

நம் மண்ணில் இந்த விஷயத்தில் தெளிவு இல்லாமல் இருந்தால் மன்னிக்கலாம். செஞ்சியைச் சுற்றிலும் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயில். பகலில் பாரதம் படிக்கிறார்கள், இரவில் கூத்து, முடிவில் படுகளம், தீமிதி. அந்தக் கூத்தில் ஒரு வேஷம் எப்படி வருகிறது? இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகி வெளியே வந்ததும் கட்டியங்காரன் கேள்வி கேட்கிறான். நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய்? அவனுக்குப் பதில் சொல்லித்தான் ராஜாவானாலும் ராஜாவாக ஆகவேண்டும். கேட்கிற ஆள் ஒருவன் எதிரில் இல்லாமல் கூத்தில் பேச்சே கிடையாது.

அந்த மேடையில் துரியோதனனுக்கு விடியவிடிய இடம் உண்டு. அவன் நியாயத்தை அவன் பேசுவான். பகடை துகில் அன்றைக்குத் துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடுவதற்கு முன் கூத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் கும்பிட்டு, இது வேஷம் தாயே, என்னைப் பொறுத்துக்கொள் என்று வேண்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கும்பிட்டு முடித்ததும் இழுக்கிறாரே, அதில் பாதி மனசாக இழுப்பதில்லை. வேஷக்காரன் வேறு, வேஷம் வேறு என்பதும், வேஷம் போட்டால் அந்த வேஷத்துக்கு உண்மையாக நிற்கவேண்டும் என்பதும் எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது. துச்சாதனன் வேஷக்காரரை மறுநாள் காலையில் ஊரே கூப்பிட்டுக் காப்பி கொடுக்கும். பட்டம் வாங்கிய நடுவர்களுக்கு மட்டும், ராணி பேசியது அந்தப் பெண் ராஜாவைத் திட்டியதாகத் தெரிகிறது.

என் ஊர் சீயமங்கலம். தேசூர் பக்கம் வந்து எங்கள் குடைவரையைப் பார்க்காதவர்கள் ஒருமுறை வந்து பாருங்கள். மகேந்திரவர்ம பல்லவன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவன், சிவனுக்காகக் குடைந்தது. லலிதாங்குரன் என்ற அவன் பட்டப்பெயரும், அவனிபாஜன பல்லவேசுவரம் என்ற கோயில் பெயரும் கல்வெட்டிலேயே இருக்கின்றன. தமிழகத்துக் கல்லில் கிடைக்கும் மிகப் பழைய ஆடவல்லான் உருவங்களில் ஒன்று அங்கே தூணில் இருக்கிறது. அந்த ராஜா ஒரு நாடகக்காரன் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். மத்தவிலாசம் என்று வடமொழியில் ஒரு அங்கத நாடகம் எழுதினான். கதை நடப்பது அவனுடைய சொந்தத் தலைநகரான காஞ்சிபுரத்தில். முக்கியப் பாத்திரம் ஒரு குடிகாரக் காபாலிகன். கபாலத்தை நாய் தூக்கிக்கொண்டு போய்விட, அவன் ஒரு பௌத்தத் துறவிமேல் பழியைப் போட்டுச் சண்டை பிடிக்கிறான். சிவனுக்குக் கோயில் குடைந்த கையே, சிவனடியார் வேஷத்தில் திரியும் குடிகாரனுக்கும் வசனம் எழுதியது. சிம்மாசனத்தில் இருந்தவனுக்குக் குடிகாரன் வாயால் பேசக் கூச்சம் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு ராணியின் வாயால் பேசியதற்கு நமக்குக் கூச்சம்.

இது ஏதோ வெள்ளைக்காரன் கொடுத்த பாடம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் இதற்குப் பெரிய பெயர் ராபர்ட் பிரௌனிங். 1842-ல் அவர் வெளியிட்ட ஒரு கவிதையில், ஒரு பிரபு தன் செத்துப்போன மனைவியின் ஓவியத்தைத் தூதுவனுக்குக் காட்டிப் பேசிக்கொண்டே போகிறான். தூதுவன் வாயே திறப்பதில்லை. பிரபு தன் பெருமையைத்தான் பேசுகிறான், கேட்கிற நமக்கோ மனைவியைச் சாகடித்தவன் இவன்தான் என்பது புரிந்து முதுகு சில்லிடுகிறது. அருமையான வேலை. ஆனால் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் சொல்லுங்கள், அகநானூற்றின் 400 பாட்டில் எந்தப் பாட்டில் புலவர் தன் குரலில் பேசுகிறார்? ஒன்றில்கூட இல்லை. தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், தலைவன் பேசுகிறான், பெற்றவளும் வளர்த்தவளும் பேசுகிறார்கள். ஒவ்வொரு பாட்டின் அடியிலும் யார் யாரிடம் எந்த நேரத்தில் சொன்னது என்று குறிப்பு இருக்கும். குறிஞ்சிப்பாட்டு 261 அடியும் ஒரே பேச்சு. தலைவியின் காதலைத் தோழி, செவிலித்தாயிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லும் பேச்சு. எழுதியவர் கபிலர். ஊரறிந்த பெரும்புலவர், ஒரு சின்னப் பெண்ணின் சாமர்த்தியத்தோடு, ஒரு தாயின் கோபத்துக்குப் பயந்து பயந்து பேசுகிறார். யாரும் கபிலரை மேடையிலிருந்து இறக்கவில்லை.

குலசேகர ஆழ்வார் சேர நாட்டு அரசர். பெருமாள் திருமொழியில் அவர் தேவகியாகிப் புலம்புகிறார். பெற்றவள் நான், பிள்ளை விளையாட்டை எல்லாம் பார்த்தவள் யசோதையா என்ற ஏக்கம் அது. இன்னொரு பதிகத்தில் ராமனைக் காட்டுக்கு அனுப்பிவிட்ட தசரதனாகி அழுகிறார். பக்திப் பாட்டில் கடவுளின் தாய் குறைப்பட்டுக்கொள்ளலாம், அரசன் தன் தப்பை எண்ணி அழலாம். அதையெல்லாம் கோயிலில் பாடலாம். பள்ளிக்கூட மேடையில் மட்டும் எல்லோரும் கையை உயர்த்தி வீரம் பேசவேண்டுமாம்!

சரி, தனிநடிப்பை எதை வைத்து அளப்பது? அளவுகோல் புதிதாகத் தேடவேண்டாம். தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுக்கு 34 உறுப்பு சொல்கிறார். அதில் சிலவற்றை எடுத்துப் பாருங்கள். கூற்று, பேசுவது யார். கேட்போர், யாரிடம் பேசுகிறார். களன், எந்த இடத்தில். காலம், எந்த நேரத்தில், எது நடந்தபின், எது நடக்குமுன். பயன், பேசி என்ன ஆகவேண்டும். மெய்ப்பாடு, உள்ளத்தில் இருப்பது உடம்பில் எப்படித் தெரிகிறது. எச்சம், சொல்லாமல் விட்டது எது. முன்னம், இந்த இடத்தில் இன்னார்க்கு இப்படித்தான் பேசத் தோன்றும் என்று கேட்பவருக்குப் பிடிபடுகிறதா. இந்த எட்டையும் ஒரு தாளில் எழுதி நடுவர் கையில் கொடுத்தால் போதும், மதிப்பெண் பட்டியல் தயார்.

அந்தப் பெண்ணின் தாளை இந்த எட்டில் வைத்துப் பாருங்கள். பேசுவது ராணி. கேட்பது தாதி, அவளும் வேலைக்காரி, எதையும் தடுக்க முடியாதவள், அதனால்தான் அவளிடம் சொல்ல முடிகிறது. இடம் அரண்மனை உள்கட்டு. நேரம் செய்தி வந்தபின், விறகு அடுக்கி முடிக்குமுன். கடைசியில் பசி என்கிறாள். எனக்குச் சாக விருப்பமில்லை என்ற வாக்கியம் தாளில் எங்கேயும் இல்லை, அதுதான் எச்சம். எட்டுக்கு எட்டு. முதல் பரிசு வாங்கிய சினிமா வசனத்தையும் வையுங்கள். அந்தப் பையனுக்கு எதிரில் ஜாக்சன் துரை இருந்தானா? அவன் மைக்கைப் பார்த்துப் பேசினான், நடுவே நடுவரைப் பார்த்தான், கைதட்டலுக்கு நின்றான். இருந்தது ஒன்றே ஒன்று, சத்தம்.

சினிமா வசனத்தை நான் இழிவாகச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பராசக்தியும் மனோகராவும் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். 1942-ல் வந்த கண்ணகி படத்துக்கு இளங்கோவன் எழுதினார். 1964-ல் பூம்புகாருக்குக் கலைஞர் எழுதினார். இரண்டு பேரும் என்ன செய்தார்கள்? ஏற்கனவே இருந்த ஒரு கண்ணகியை எடுத்து, தன் காலத்துக்கும் தன் மேடைக்கும் தகுந்தபடி தானே யோசித்துப் பேசவைத்தார்கள். அவர்கள்மேல் மரியாதை இருந்தால் அவர்கள் செய்ததைச் செய்யுங்கள். அவர்கள் சொன்னதையே திரும்பச் சொல்வது மரியாதை ஆகாது. அவர்கள் தேடிக் கண்டுபிடித்ததைப் பிள்ளை இரவல் வாங்கி ஒப்பித்தால், தேடுகிற சுகம் பிள்ளைக்கு எப்போது கிடைக்கும்?

இளங்கோவடிகளின் கண்ணகியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் எல்லாம் தலைமுடியை விரித்துப்போட்டு, மேடை அதிர அலறும் கண்ணகிகள். வழக்குரை காதையைத் திறந்து பாருங்கள். கண்ணீரும் விரிந்த கூந்தலுமாக நிற்பவளைப் பார்த்து அரசன் யார் நீ என்று கேட்கிறான். அவள் ஊரைச் சொல்கிறாள். புறாவுக்காகத் தன்னைக் கொடுத்தவனும், பசுங்கன்றுக்காகப் பெற்ற மகனைத் தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட ஊர் என்கிறாள். கணவன் பெயரைச் சொல்கிறாள், தன் பெயரைச் சொல்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்று அரசன் வாதாடும்போது, என் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்கிறாள். உன் சிலம்பில் என்ன என்பதை அரசனே முத்து என்று சொல்கிறான். உடைக்கிறாள். முடிந்தது வழக்கு. அவள் பேசியதெல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். கோபம் இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் கோபத்தோடு சாட்சியும் கொண்டுவந்தவள் அவள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி வழக்கை வென்றவளை வெறும் கூச்சலாக்கி வைத்திருக்கிறோம். அலறச் சொல்லிக்கொடுத்த பிள்ளைக்குச் சாட்சி வைக்கத் தெரியாமல் போனால் யார் பொறுப்பு?

இப்போது எதிர்ப்பேச்சுக்கு வருகிறேன். அடியில் வந்து எழுதப்போகிறீர்கள் என்பது தெரியும், நானே கேட்டு நானே சொல்லிவிடுகிறேன்.

"ஐயா, ராணி அப்படிப் பேசினாள் என்பதற்கு என்ன ஆதாரம்?" ஆதாரம் இல்லை. தேசிங்கு குதிரைமேல் ஏறும்போது என்ன பேசினான் என்பதற்கு மட்டும் ஆதாரம் இருக்கிறதா? பாட்டுக் கட்டியவர் கற்பனை அது. ராஜாவுக்குக் கற்பனை செய்தால் வரலாறு, ராணிக்குக் கற்பனை செய்தால் அவமதிப்பு என்பது என்ன நியாயம்? ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. தெரிந்த செய்தியை மாற்றக்கூடாது. 1714-ஐ 1814 ஆக்கக்கூடாது, நவாபை வெள்ளைக்காரன் ஆக்கக்கூடாது. தெரிந்த செய்திகளுக்கு நடுவே இருக்கும் இருட்டில்தான் பிள்ளை விளக்கைப் பிடிக்கவேண்டும். அந்தப் பெண் பிடித்தது அங்கேதான்.

"சின்னப் பிள்ளைக்கு எழுத வருமா? நீங்கள் பெரிய வாத்தியார், உங்களுக்கு என்ன!" வரும். முப்பது வருஷத்துக்குமேல் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன். தாயக்கட்டையில் ஏமாற்றிவிட்டு, அண்ணன்தான் முதலில் ஏமாற்றினான் என்று அம்மாவிடம் கண்ணீரோடு வாதாடுகிற பிள்ளைக்குக் கூற்று, கேட்போர், காலம், பயன் எல்லாம் தெரியும். எழுத்தில் தெரியாது, அவ்வளவுதான். அதை எழுத்துக்குக் கொண்டுவருவதுதான் நம் வேலை. முதல்முறை ஐந்து வரி வரும், அதில் மூன்று வரி பாடப்புத்தக வாசனை அடிக்கும். மிச்ச இரண்டு வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"சங்கரதாஸ் சுவாமிகள்கூடப் பையன்களுக்கு மனப்பாடம்தானே செய்வித்தார்?" ஆமாம். 1918-ல் மதுரையில் பால சபை தொடங்கி, சிறுவர்களுக்கு நெட்டுருப் போடவைத்துத் தேர்ந்த நடிகர்களாக்கினார். அந்தச் சிறுவர்கள் முழு நாடகத்தைக் கற்றார்கள். தன் வசனத்துக்கு எதிர்வசனம் எது என்று தெரிந்து, எதிரில் நிற்கும் ஆளுக்குப் பதில் சொன்னார்கள். நம் பிள்ளை, முன்னும் பின்னும் என்ன என்றே தெரியாமல் மூன்று நிமிஷத் துண்டை விழுங்குகிறது. மனப்பாடத்துக்கு நான் விரோதி இல்லை, என் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதற்குத் தனியாக ஒப்பித்தல் போட்டி வையுங்கள். அதைத் தனிநடிப்பு என்று சொல்லி, எழுதிய பிள்ளைக்கு எதிராக நிறுத்தாதீர்கள்.

"பெண் பிள்ளை சாவு, சிதை என்றெல்லாம் பேசலாமா?" தீமிதிக்கு அந்தப் பிள்ளையைத்தான் தோளில் உட்காரவைத்துக் காட்டுகிறோம். அரவான் பலியும் அபிமன்யு சாவும் அது தூங்காமல் பார்த்த கூத்துதான். பார்க்கலாம், பேசக்கூடாது என்பதுதான் சட்டமா? கூத்தில் பெண் வேஷமும் ஆண்களே கட்டிக்கொண்டிருந்த காலம் போய், காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்துச் சங்கத்தார் பெண் பிள்ளைகளுக்கே அடவும் பாட்டும் சொல்லிக்கொடுத்து ராஜ வேஷம் கட்டவைத்தார்கள். நாம் இன்னும் ராணி வேஷத்துக்கே வாய்ப்பூட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்போது செல்போனிடம் கேட்டால் அதுவே கண்ணகி பேச்சை எழுதிக் கொடுக்கிறது என்று ஒரு தம்பி பெருமையாக அனுப்பியிருந்தான். படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. அந்தப் பேச்சை எந்த ஊர்ப் பிள்ளையும் பேசலாம். இவன் வீட்டுப் பிள்ளை பேசவேண்டிய அவசியம் எதுவும் அதில் இல்லை. அதுதான் அதன் குறை. கடையில் வாங்கிய சட்டை போல எல்லோருக்கும் சுமாராகப் பொருந்தும். வாத்தியார் எழுதிக் கொடுத்தாலும், அப்பா எழுதிக் கொடுத்தாலும் அதே கதைதான். பிள்ளைக்கு இரவல் நாக்கு எதற்கு?

இதில் என்ன பெரிதாகக் கெட்டுப்போகிறது என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இன்னொருவர் இடத்தில் நின்று, அவருக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, அவருடைய பயத்தோடு பேசிப் பார்க்கிற பயிற்சி பள்ளிக்கூடத்தில் வேறு எந்தப் பாடத்திலும் கிடையாது. கணக்கில் கிடையாது, அறிவியலில் கிடையாது. மாமியார் இடத்தில் நிற்கத் தெரியாத மருமகள், கூலிக்காரர் இடத்தில் நிற்கத் தெரியாத முதலாளி, நோயாளி இடத்தில் நிற்கத் தெரியாத டாக்டர் என்று ஊரெல்லாம் புலம்புகிறோம். நின்று பார்த்த பிள்ளைக்கோ, ராஜாவை அவமதித்தாய் என்று தண்டனை. அந்தப் பெண் அடுத்த வருஷம் என்ன எழுதுவாள்? புத்திசாலிப் பிள்ளை. எங்களுக்கு எது பிடிக்கும் என்பதை இந்நேரம் புரிந்துகொண்டிருப்பாள். பெரியவர்களுக்குப் பிடித்ததையே பேசிப் பரிசு வாங்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்துவிட்டோம் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஆகவே, நடுவர் நாற்காலியில் உட்காரப்போகும் என் மாணவர்களே, உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு கட்டளையாகவே சொல்கிறேன். எழுதியது யார் என்று முதலில் கேளுங்கள். பிள்ளை எழுதியது என்றால் அதற்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். பேசிமுடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அம்மா, நீ யாரிடம் பேசினாய்?" தானே எழுதிய பிள்ளை டக்கென்று சொல்லும். ஒப்பித்த பிள்ளை விழிக்கும். பாத்திரம் சொன்ன கருத்து உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பதற்கு மதிப்பெண் பட்டியலில் கட்டம் இல்லை. அதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

பெற்றோர்களே, அண்ணன் தம்பிமார்களே, வாடகைக்குக் கிரீடம் தேடி அலையாதீர்கள். பிள்ளையிடம் கதையை முழுதாகச் சொல்லுங்கள். இந்தக் கதையில் யார் இன்னும் வாய் திறக்கவில்லை என்று கேளுங்கள். கர்ணன் வேண்டாம், கர்ணனை ஆற்றில் கண்டெடுத்த தேரோட்டி பேசட்டும். அரசன் செத்து விழுந்ததைப் பார்த்துத் தானும் உயிர்விட்ட கோப்பெருந்தேவி, விழுமுன் என்ன நினைத்தாள் என்று யோசிக்கட்டும். தேசிங்கின் நண்பனை மணப்பந்தலில் விட்டுக் கொடுத்த மணப்பெண் இருக்கிறாளே, அவளை யார் கேட்டார்கள்? மூன்று நிமிஷத்துக்கு இருநூற்றைம்பது சொல்லே ஏராளம். நடுவில் மூச்சுவிட, சும்மா நிற்க, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க நேரம் வேண்டும். எதிரில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, அதில் கேட்பவர் உட்கார்ந்திருப்பதாக வைத்துப் பேசிப் பழகச் சொல்லுங்கள். கண் அந்த நாற்காலியை விட்டு மைக்குக்குப் போகாமல் இருந்தால் பாதி நடிப்பு வந்துவிட்டது.

நம் ஊர்க் குளக்கரையில் தேசிங்கை எரித்த மேடை என்று கோட்டைக்குள் ஓர் இடத்தைச் சுற்றுலா வருபவர்களுக்குக் காட்டுவார்கள். அடுத்தமுறை பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ராஜாவின் வீரத்தைச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், ராணி என்ன நினைத்திருப்பாள் என்று பிள்ளையைக் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள்.

பிள்ளைகள் தாங்களே எழுதியதை எனக்கு அனுப்பலாம், கையெழுத்துத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி. ஒவ்வொன்றையும் படித்துப் பதில் போடுவேன். "எழுதிக் குடுங்க ஐயா" என்று கேட்பவர்களுக்கு என் பதில் மாறவில்லை. கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளலாம், பந்தியில் எனக்கு இலை போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா,
சீயமங்கலம்.